கலையா, கைவினையா, வடிவமைப்பா?

ஜூன் மாதம் பிறந்து, முதல் மழை கல்யாண் இரயில் நிலையத்தின் தகரக் கூரையின்மீது ஒலிக்கத் தொடங்கும்போது, எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு புதிய கவலையும் பிறந்துவிடுகிறது. அது பள்ளிக்கூடங்கள் திறக்கும் காலம். அத்தகைய ஒரு மாலையில், அண்டை வீட்டில் வாழும் நண்பர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் என்னிடம் வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்குக் குடியேறி, இரயில்வே பணிமனை ஒன்றில் வேலை பார்ப்பவர் அவர். ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் தம் மகள், மூன்று பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்து அந்தத் தாளில் குறிக்க வேண்டும் என்றார். மூன்றின் பெயர்களும் ஆங்கிலத்தில் இருந்தன.

"அண்ணாச்சி, மொழிபெயர்ப்பு உங்கள் தொழில். இவை மூன்றுக்கும் தமிழில் என்ன பெயர்? எதைக் குறித்தால் பிள்ளைக்கு நல்லது?" என்று வினவினார்.

முதல் வினா எனக்கு எளிது. கலை, கைவினை, வடிவமைப்பு என்று சொன்னேன். இரண்டாவது வினாவுக்கு நான் வாய் திறக்குமுன் அவரே விடையும் கூறத் தொடங்கினார். "கைவினை வேண்டாம். என் தகப்பனார் தச்சர். நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் உளியோடு மல்லாடினார். என் மகள் மறுபடியும் அந்த உளியைப் பிடிக்கவா நான் பம்பாய்க்கு வந்தேன்? கலை என்றால் படம் எழுதுவதுதானே? அதனால் அடுப்பு எரியாது. வடிவமைப்பு என்றால் கணிப்பொறியில் செய்கிறார்களாம், சம்பளமும் வருகிறதாம்" என்றார். அந்தப் பெண் வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கணக்கு நோட்டின் பின்பக்கங்கள் யாவும் மரங்களாலும், மாடுகளாலும், இரயில் பெட்டிகளாலும் நிறைந்திருப்பதை நான் முன்பே கண்டிருக்கிறேன்.

அன்று நண்பருக்கு நான் கூறிய மறுமொழி அரைகுறையானது. அவர் சென்ற பிறகுதான் இந்த மூன்று சொற்களும் எப்போது பிரிந்தன, யார் பிரித்தார்கள், பிரித்ததனால் விளைந்தது யாது என்று எண்ணிப் பார்த்தேன். அவ்வாறு எண்ணியதை நேயர்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

எங்கள் ஊராகிய கல்யாணிலிருந்தே தொடங்கலாம். இது பழம்பெருந் துறைமுக நகரம். மும்பைக்கு வடக்கேயுள்ள கன்ஹேரிக் குகைகளில், கிறித்து பிறந்த பின் வந்த முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் பல உள்ளன. பௌத்தத் துறவிகளுக்கு அறக்கொடை வழங்கியோரின் பெயர்களை அவை குறிக்கின்றன. அவர்களுள் கல்யாண் வாசிகள் பலர். வணிகர்கள் மட்டுமல்லர், நீர்த்தொட்டி வெட்டிக் கொடுத்த பொற்கொல்லர் ஒருவரும், நடைபாதை அமைத்துக் கொடுத்த கொல்லர் ஒருவரும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளனர். கையால் உழைத்தவர் தம் தொழிலின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக் கல்லில் பொறித்துக்கொள்ள நாணாத காலம் அது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கிரேக்க மொழி எழுத்தாளர், கல்யாண் துறையிலிருந்து உலோகமும் மரமும் துணியும் ஏற்றுமதியானதாக எழுதியுள்ளார்.

இந்நாட்டுக் கைவினைஞருக்கும் தமிழகத்துக்கும் இருந்த தொடர்புக்கு நம் இலக்கியத்திலேயே சான்று உண்டு. மணிமேகலைக் காப்பியம், சோழ மன்னனுடைய பொன் மண்டபம் ஒன்றை வருணிக்கும்போது, மராட்டிய நாட்டுக் கம்மியரும் பிற நாட்டுத் தொழிலாளரும் தமிழ் வினைஞரோடு சேர்ந்து அதனை அமைத்ததாகக் கூறுகிறது. அங்கே 'வினைஞர்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மண்டபத்தின் உருவை மனத்தில் கண்டவரும், அளவிட்டவரும், செதுக்கியவரும் வெவ்வேறு சாதிச் சொற்களாகப் பிரிந்திருக்கலாம். ஆனால் கலை, கைவினை, வடிவமைப்பு என்று மூன்று பாடங்களாகப் பிரிந்திருக்கவில்லை.

ஏட்டில் உள்ளது கிடக்கட்டும். கண்ணால் காணத்தக்க சான்றும் அருகில் இருக்கிறது. கல்யாணிலிருந்து கர்ஜத் செல்லும் மார்க்கத்தில் சிறிது தொலைவிலேயே அம்பர்நாத் ஊர் உள்ளது. அங்கு வால்துனி ஆற்றங்கரையில் சிலாஹார மன்னர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று நிற்கிறது. அதன் கல்வெட்டு கி.பி. 1060ஆம் ஆண்டுக்குரியது. அதன் புறச்சுவரில் உருவம் இல்லாத இடம் அரிது. அந்தச் சுவரின் ஒவ்வொரு மடிப்பும் கணக்கிட்டு அமைக்கப்பட்டது, அது வடிவமைப்பு. கருங்கல்லை உளி பட்ட இடத்தில் மட்டும் உடையச் செய்தது கைவினை. கல்லில் நடனமாடும் உருவத்தின் இடையில் ஓர் அசைவைக் கொண்டுவந்தது கலை. இவற்றுள் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அக்கோயிலின் முன் நின்று எவராலும் கோடு கிழிக்க இயலாது.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் கூறிவிட்டு நகர்ந்துவிடுதல் நேர்மையாகாது. அந்தச் சிற்பியின் மகனுக்கு உளியைத் தவிர வேறு தேர்வு இருந்திருக்காது. பிறப்பே பாடத்திட்டமாக இருந்தது. நண்பருடைய தகப்பனாரின் கையிலும் அந்தப் பிறப்பு வழி வந்த உளிதான் இருந்தது. ஆகவே, பழைய ஒருமையை வியக்கும்போது, அதற்குள் இருந்த கட்டாயத்தையும் மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, பிரிவினை நேர்ந்த கதைக்கு வருவோம். 1851இல் இலண்டன் மாநகரில் ஒரு பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. ஆலைகளில் செய்த ஐரோப்பியப் பண்டங்களின் நடுவே இந்தியக் கைவினைப் பொருள்கள் அழகில் மேம்பட்டு விளங்கியதைக் கண்டோர் வியந்தனர். அதே காலத்தில் அந்த ஆலைத் துணிகளும் பண்டங்களும் இங்கே வந்து குவிந்து, அவ்வழகிய பொருள்களைச் செய்தவர்களின் வாழ்வைக் குலைத்துக்கொண்டிருந்தன. இந்த முரண்பாட்டின் நடுவேதான் நம் நாட்டுக் கலைப்பள்ளிகள் தோன்றின. சென்னையில் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்னும் மருத்துவர் 1850இல் ஒரு கலைப்பள்ளியையும், அடுத்த ஆண்டில் ஒரு தொழிற்பள்ளியையும் தம் முயற்சியால் நிறுவினார். இரண்டு பெயர்கள், இரண்டு பள்ளிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிவினையின் முதற் கோடு அங்கேயே தென்படுகிறது. 1855இல் அரசாங்கம் அதன் பொறுப்பை ஏற்றது.

பம்பாயில் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வள்ளல், 1853இல் ஓர் இலட்சம் ரூபாய் நன்கொடை வழங்க முன்வந்தார். கலைகளையும் கைத்தொழில்களையும் வளர்ப்பதற்கான பள்ளி ஒன்று வேண்டும் என்பது அவர் விருப்பம். இதற்கு முன்னுரையாக அமைந்தது போல், அதே ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் இரயில் ஓடிற்று. 1854 மே மாதத்தில் அது கல்யாண் வரை நீண்டது. 1857 மார்ச்சு மாதத்தில் சர் ஜே. ஜே. கலைப்பள்ளி திறக்கப்பட்டது. 1866இல் அலங்கார ஓவியம், உருவமைப்புச் சிற்பம், இரும்பு அலங்கார வேலை என மூன்று பட்டறைகள் அங்கு ஏற்பட்டன. ஓவியத்துக்கு ஜான் கிரிஃபித்ஸ், சிற்பத்துக்கு லாக்வுட் கிப்ளிங், இரும்புக்கு ஹிக்கின்ஸ் என மூன்று ஆசிரியர்கள் இருந்தனர். கதை எழுதிப் புகழ்பெற்ற ருட்யார்ட் கிப்ளிங், இந்தச் சிற்ப ஆசிரியரின் மைந்தரே.

1868இல் அரசாங்கம் இந்தக் கலைப்பள்ளியைச் சேர்ந்த குழு ஒன்றை அம்பர்நாத்துக்கு அனுப்பியது. கோயிலை அளந்து வரைபடங்கள் எழுதவும், சிற்பங்களுக்கு அச்சு எடுத்து வார்ப்புகள் செய்யவும் அவர்கள் பணிக்கப்பட்டனர். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் உளியால் செய்ததை, பென்சிலாலும் சுண்ணச் சாந்தாலும் மறுபடி கற்றுக்கொள்ளும் முயற்சி என்று அதனைக் கூறலாம். கைவினைஞரின் பரம்பரை நினைவில் இருந்த ஒன்று, அன்று தாளில் இறங்கிப் பாடமாக மாறத் தொடங்கியது. இதில் ஓர் இழப்பும் உண்டு. ஒரு பெரும் பேறும் உண்டு. தந்தையின் பட்டறையில் பிறந்தவனுக்கு மட்டும் உரியதாக இருந்த அறிவு, அதுமுதல் எவருடைய பிள்ளையும் கற்கக்கூடியதாயிற்று.

அந்தப் பள்ளியின் பயனை நாம் நாள்தோறும் காண்கிறோம். 1878இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளில் எழுப்பப்பட்டது விக்டோரியா டெர்மினஸ் என்ற இரயில் நிலையம்; இன்று அது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். கட்டட நிபுணர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் அதன் அமைப்பை வகுத்தார். இலையும் கொடியும், பறவையும் விலங்குமாக அதன் கல்லில் விளங்கும் அலங்காரங்கள் பலவற்றில் ஜே. ஜே. பள்ளி மாணவரின் கைவண்ணம் உண்டு. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டது. கல்யாணிலிருந்து அந்த நிலையத்திற்கு வேலைக்குச் செல்லும் இலட்சக்கணக்கானோரில், நேரத்திற்கு அலுவலகம் சேரும் அவசரத்தில், தலை நிமிர்ந்து அந்தக் கல் மயிலைப் பார்ப்போர் சிலரே. பள்ளி மாணவர் ஒருவர் ஓவியமாகக் கற்று, சிற்பமாகச் செய்து, ஒரு பொதுக் கட்டடத்தின் அமைப்பில் பொருத்திய வேலை அது. மூன்று பாடங்களும் அங்கு மறுபடி ஒன்றாக நிற்கின்றன.

1879இல் ஜே. ஜே. பள்ளியில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் ஏற்பாடு தொடங்கிற்று. 1891இல் கைவினைகளுக்கென ரே பிரபுவின் பெயரால் தனிப் பட்டறைகள் எழுந்தன. 1935இல் விளம்பரத்திற்கும் அச்சுக்கும் உதவும் வணிகக் கலைக்கு ஒரு துறை ஏற்பட்டது; பிற்காலத்தில் அதுவே தனி நிறுவனமாயிற்று. ஒரே வளாகத்தில் ஓவியம் ஒரு கட்டடத்திலும், கைவினை ஒரு கட்டடத்திலும், வணிகக் கலை வேறொரு கட்டடத்திலும் குடியேறின. ஒவ்வொன்றும் தன் நுட்பத்தில் ஆழ்வதற்கு இது துணை புரிந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் கட்டடங்கள் பிரிந்ததும் மதிப்பும் பிரிந்தது. ஓவியர் மேலானவர், கைவினைஞர் கீழானவர் என்னும் எண்ணம் பழைய சாதி வேற்றுமையின் தோளில் ஏறிக்கொண்டு எளிதில் வேரூன்றியது.

சென்னையிலும் இந்த ஊசலாட்டத்தைக் காணலாம். ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்பவர் 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அது வளர்ந்து 1903இல் ஒரு வணிக நிறுவனத்தின் கைக்கு மாறியது. நம் தாய்மார் அடுப்பில் ஏற்றிய அலுமினியச் சட்டியின் வரலாறு, கலைப்பள்ளி ஒன்றின் பட்டறையைத் தொட்டுச் செல்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அதே பள்ளிக்குப் பின்னர் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, தொழிற்பயிற்சியை விட ஓவியம், சிற்பம் ஆகிய நுண்கலைகளுக்கே முதன்மை அளித்தார். 1957 வரை அவர் அங்குப் பணிபுரிந்தார். சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. உடலுழைப்பின் பெருமையை உலகுக்குக் காட்டும் அச்சிலையைச் செய்தவரின் பள்ளியில் கைத்தொழில் இரண்டாம் இடத்திற்குச் சென்றது என்பது எண்ணத்தக்கது.

அவருக்குப் பின் தலைமை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவரும் வேறொரு பாடத்தைக் கற்பித்தனர். ஓவியம் விற்று வாழ்தல் அரிது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் ஒரு கைவினைச் சங்கம் அமைத்து, மெழுகுச் சாயத்தால் அணி செய்த பாத்திக் துணி முதலிய பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வாறு ஈட்டிய பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். கைவினை கலைக்குச் சோறு போட்டது. நண்பர் "அடுப்பு எரியாது" என்று கூறியபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இந்தச் செய்தியே.

இதுவரை கூறியவை கலைப்பள்ளிகளின் வரலாறு. பொதுப் பள்ளிக்கூடங்களில் நடந்தது வேறு. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. விடுதலைக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் இடைநிலைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. மனிதநூல்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளில் மாணவர் தம் இயல்புக்கேற்ப ஒன்றைத் தேரலாம் என்று அக்குழு 1953இல் பரிந்துரைத்தது. சித்திரமும் வடிவமைப்பும் நுண்கலைப் பிரிவினுள் அமைந்தன. நூற்பு, நெசவு, மரவேலை, உலோக வேலை, தோட்டக்கலை, தையல் போன்ற கைத்தொழில்களுள் ஒன்றையோ, எந்தப் பிரிவினராயினும் எல்லா மாணவரும் கற்க வேண்டும் என்றது. கலை சிலருக்கு, கைத்தொழில் எல்லாருக்கும் என்பது அதன் கருத்து.

நல்ல கருத்தே. ஆனால் அதே 1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் நிகழ்ந்ததை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும். இராஜாஜியின் அமைச்சரவை, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் ஈடுபடலாம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. குயவரின் மகன் சக்கரத்தின் முன்னும், வண்ணாரின் மகள் துறையிலும் பாதிப் பொழுதைக் கழிப்பதற்குப் பெயர் கல்வியா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. எதிர்த்தோர் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கைத்தொழில் இழிவானது என்பதன்று அந்த எதிர்ப்பின் பொருள். யாருக்கு எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்யலாகாது என்பதே அதன் பொருள். என் நண்பரின் சினத்திலும் அந்த 1953இன் நினைவு உறங்குகிறது. அதனை எவரும் எளிதாகப் புறந்தள்ளிவிட முடியாது.

பின்வந்த குழுக்களும் இதே முடிச்சை அவிழ்க்க முயன்றன. 1964 முதல் 1966 வரை பணிபுரிந்த கோத்தாரிக் குழு 'வேலை அனுபவம்' என்றது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு 'சமுதாயத்திற்குப் பயன்படும் ஆக்கப்பணி' என்று பெயர் சூட்டியது. பெயர்கள் மாறினவேயன்றி, பெரும்பாலான பள்ளிகளில் வாரத்தின் கடைசிப் பாடவேளையே அதற்குக் கிடைத்தது. தேர்வு நெருங்கினால் அதுவும் கணக்குக்குப் போயிற்று. நான் படித்த பள்ளியிலும் அவ்வாறே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் இடையிலும், தொழிற்கல்விக்கும் ஏட்டுக் கல்விக்கும் இடையிலும் கடுமையான பிரிவு இருத்தல் ஆகாது என்று கூறுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள், புத்தகப் பை இன்றிப் பத்து நாள்கள் தச்சர், குயவர், தோட்டக்காரர், ஓவியர் போன்றோரிடம் பழகிக் கற்க வேண்டும் என்றும் அது பரிந்துரைக்கிறது. இங்குக் குறிப்பு யாதெனில், தச்சரின் பிள்ளை மட்டுமன்று, மருத்துவரின் பிள்ளையும் மேலதிகாரியின் பிள்ளையும் சேர்ந்து செல்ல வேண்டும் என்பதே. அவ்வாறு சென்றால்தான் அது கல்வி.

மூன்றாவது சொல்லாகிய வடிவமைப்பு, பாடம் என்ற முறையில் வயதில் இளையது. 1958இல் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் நாடு முழுதும் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அவர்கள் கண்ட பொருள்களுள் அவர்களை மிகவும் கவர்ந்தது நம் வீட்டுச் செம்பு. பிடிப்பதற்கும், ஊற்றுவதற்கும், இடுப்பில் அணைப்பதற்கும், கழுவுவதற்கும் ஏற்றதாய்ப் பல தலைமுறைகளின் கை பட்டுத் திருந்திய வடிவம் அது என்பதை அவர்கள் உணர்ந்தனர். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. 1969இல் மும்பை பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில் வடிவமைப்பு மையம் ஏற்பட்டது. வடிவமைப்பு என்பது கணிப்பொறியோடு வந்ததன்று, செம்போடு வந்தது. கணிப்பொறி அதன் புதிய உளி.

பவாய் மையத்தில் பயின்ற தமிழர் ஒருவரின் வேலை இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இந்திய ரூபாயின் குறியீட்டை வரைந்த டி. உதயகுமார் சென்னையில் கட்டடக்கலை பயின்றவர். பின்பு பவாயில் வடிவமைப்புக் கற்றுத் தமிழ் எழுத்து வடிவங்களில் ஆய்வு செய்தவர். தேவநாகரி எழுத்தையும் உரோமானிய எழுத்தையும் இணைத்து அவர் அமைத்த குறியீட்டை, அரசு 2010 ஜூலை மாதத்தில் ஏற்றுக்கொண்டது. கட்டடத்தை வரையப் பழகிய கை எழுத்தை வரைந்தது. எழுத்தை வரைந்த கை நாட்டின் நாணயத்துக்கு முகம் தந்தது. இவ்வாழ்க்கையில் எந்த இடத்தில் கலை முடிந்தது, எந்த இடத்தில் வடிவமைப்பு தொடங்கிற்று?

இவ்வளவும் கூறியபின், நண்பரின் வினாவுக்குத் திரும்ப வேண்டும். வரலாறு நமக்குக் காட்டுவது இதுதான். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவற்றைப் பிரித்தது நிருவாகத்தின் வசதி. உயர்வு தாழ்வு கற்பித்தது சமூகத்தின் குறை. ஆகையால் பதினான்கு வயதில் தாளில் இடும் ஒரு குறி, பிள்ளையின் வாழ்வை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவதில்லை. ஆயினும் தேர்வு பொருளற்றதும் அன்று. கலைப் பாடம் தான் கண்டதைத் தன் உள்ளத்தின் வழியே வெளியிடப் பழக்குகிறது. கைவினை, பொருளின் இயல்புக்குப் பணிந்து, பொறுமையோடு ஒரு வேலையை முடிக்கப் பழக்குகிறது. வடிவமைப்பு, பிறருடைய தேவையை முதலில் கேட்டறிந்து அதற்கு விடை காணப் பழக்குகிறது. பிள்ளையின் கை எந்தப் பழக்கத்தை நாடுகிறது என்று பார்த்தல் பெற்றோரின் கடமை. எதற்குச் சம்பளம் அதிகம் என்பதும் பார்க்க வேண்டியதே. அது மட்டுமே அளவுகோலாகிவிடக் கூடாது. பிறப்பும் அச்சமும் ஒருபோதும் அளவுகோலாகக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும், சித்திரம் என்னும் அரிச்சுவடியைக் கைவிடலாகாது. மகாராட்டிரத்தில் கலை இயக்ககம் நடத்தும் எலிமெண்டரி, இன்டர்மீடியட் என்னும் சித்திரத் தேர்வுகளை நம் பிள்ளைகள் பலர் எழுதுகின்றனர். பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், வடிவமைப்பு, வடிவ கணிதமும் எழுத்தமைப்பும் ஆகியவை அவற்றின் பாடங்கள். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஒரு நிறைவு ஏற்பட்டது. கண்டதை வரைவது கலைக்கு அடிப்படை. ஒழுங்குபட அமைப்பது வடிவமைப்புக்கு அடிப்படை. கோணமும் அளவும் பிசகாமல் கோடு இழுப்பது தச்சரின் முதற் பாடம். கட்டடங்கள் பிரித்ததை ஒரு வினாத்தாள் சேர்த்து வைத்திருக்கிறது.

இவற்றை நான் நண்பரிடம் ஒரே நாளில் கூறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மகளும் நானும் அம்பர்நாத் கோயிலுக்குச் சென்றிருந்தோம். மழை விட்டிருந்தது. நனைந்த கருங்கல்லில் உருவங்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பெண் ஒரு தூணடியில் அமர்ந்து வரையலானாள். நண்பர் சுவரின் ஒரு மூலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பின்பு கல்லும் கல்லும் கூடும் இடத்தில் விரலை ஓட்டி, "எங்க அப்பா இருந்தா இதைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசுவாரு அண்ணாச்சி" என்றார். தம் தகப்பனாரின் தொழிலைப் பற்றி அவர் சினமின்றிப் பேச நான் கேட்டது அதுவே முதல் முறை.

அந்தத் தாளில் இறுதியாகக் குறியிட்டது மகள்தான். அவள் ஓவியத்தைத் தேர்ந்தாள். சித்திரத் தேர்வுக்கும் பெயர் கொடுத்தாள். சில நாள்களுக்குப்பின் அவர்கள் வீட்டிற்குச் சென்றபோது, வடிவ கணிதப் பயிற்சிக்காக அவள் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கருவி அன்று. பிடி தேய்ந்து கறுத்த பழைய மூலைமட்டம் ஒன்று. பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தவர் அவள் தந்தை.